கறுப்பு மீனின் சிவப்பு விளக்கு: மாலகோஸ்டியஸ் நைஜர், ஒரு நிகழ்வு ஆய்வு

மாலகோஸ்டியஸ் நைஜர் என்ற ஆழ்கடல் மீன் பெரிதாக வளர்ந்தாலும் ஒரு சாண் நீளம்தான். அதில் கால்பங்கு தாடை. மண்டையோட்டைவிடக் கீழ்த்தாடை நீளமானது. அந்தத் தாடையின் இரண்டு எலும்புகளுக்கும் நடுவே நமக்கு இருப்பதுபோலத் தசையோ தோலோ இல்லை, வெறும் திறப்புதான். வாய்க்கு அடித்தளமே கிடையாது. தாடையைப் படாரென்று மூடும்போது தண்ணீர் தடுக்காமல் அந்தத் திறப்பு வழியே வெளியேறிவிடும். கூரான பற்களும் இருக்கின்றன. இந்த வாயைப் பார்க்கும் யாரும், தன் அளவுக்குப் பாதியாவது இருக்கும் மீனைப் பிடித்து விழுங்கும் வேட்டை மீன் இது என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் வயிற்றை அறுத்துப் பார்த்தால் கதை வேறு. டிரேசி சட்டன் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த மீன்களின் வயிற்றில் பெரும்பாலும் இருந்தவை கோபிபாட் எனப்படும் துடுப்புக்காலிகள். நெல்மணி அளவுகூட வராத, இறால் சாதியைச் சேர்ந்த சின்னஞ்சிறு மிதவை உயிர்கள். யானையைப் பிடிக்கக் குழி வெட்டியவர் அதில் விழுந்த எறும்பைப் பொறுக்கித் தின்றதுபோல இருக்கிறது இது.

வாய்க்கும் வயிற்றுக்கும் ஏன் இந்தப் பொருத்தமின்மை? அதற்கு விடை தேடிப் போனால் வாயை விட்டுக் கண்ணுக்கு வர வேண்டியிருக்கிறது. ஆழ்கடலில் ஒளியும் நிறமும் எப்படி வேலை செய்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல ஓர் உயிரினம் எனக்குத் தெரிந்து இல்லை. அதனால்தான் ஒரே ஒரு மீனை எடுத்துக்கொண்டு கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நீலம் மட்டும் ஓடும் கடல்

முதலில் களத்தைப் பார்த்துவிடலாம். சூரிய ஒளியின் எல்லா நிறங்களையும் கடல்நீர் ஒரேபோல உள்ளே விடுவதில்லை. சிவப்பை முதலில் விழுங்கிவிடும். மிகத் தெளிந்த நீரிலேயே சில பத்து மீட்டர்களுக்குள் சிவப்பின் கதை முடிந்தது. அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று ஒவ்வொன்றாகக் கழிந்துபோக, 475 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலம் மட்டும் ஆழத்துக்கு இறங்குகிறது. அதுவும் சுமார் 1000 மீட்டரில் ஆழ்கடல் மீனின் கண்ணுக்கும் எட்டாமல் போய்விடும்.

கடல் உயிர்கள் தாமே உண்டாக்கும் உயிரொளியும் பெரும்பாலும் இதே நீலம்தான். தண்ணீரில் அதிக தூரம் போகும் நிறம் அது. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரைகளில் இரவில் அலைகள் நீலமாக மின்னியதைப் பார்க்க மக்கள் திரண்டது நினைவிருக்கும். அது நாக்டிலூகா என்ற ஒற்றைச்செல் உயிரியின் வேலை. கரையோரத்தில் எப்போதோ வரும் அந்தக் காட்சி ஆழ்கடலில் அன்றாடம். கலிபோர்னியாவுக்கு அப்பால் 17 ஆண்டுகள் எடுத்த காணொளிப் பதிவுகளை மாண்டரே விரிகுடா கடலாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த இருவர் அலசி, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் ஆழம் வரை நீரில் பதிவான விலங்குகளில் 76 சதவீதம் ஒளிரும் திறனுள்ளவை. நான்கில் மூன்று!

வருகிற ஒளி நீலம், உண்டாக்குகிற ஒளியும் நீலம் என்றால் கண்ணும் அதற்கேற்பத்தானே அமையும்? ஆழ்கடல் மீன்களில் மிகப் பெரும்பாலானவற்றின் விழித்திரையில் ஒரே ஒரு பார்வை நிறமிதான் உண்டு. அது 480 நானோமீட்டரை ஒட்டிய நீலத்தைப் பிடிக்கும். சிவப்பு அவற்றுக்கு நிறமே இல்லை, வெறும் இருட்டு.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். படுக்கையறையில் போடுவோமே, நீல நிற எல்.இ.டி. ஜீரோ வாட் பல்பு, அதை மட்டும் எரியவிட்டு நெற்றியில் வைத்த குங்குமத்தைப் பாருங்கள். கறுப்பாகத் தெரியும். குங்குமம் நீலத்தை உறிஞ்சிக்கொள்கிறது, திருப்பியனுப்பச் சிவப்பு ஒளி அங்கே இல்லை. பழுத்த தக்காளி, காய்ந்த மிளகாய் எதை வைத்துப் பார்த்தாலும் இதேதான். நான் ஒரு முறை அந்த வெளிச்சத்தில் கறுப்புத் துணிமேல் வரமிளகாய்களைப் பரப்பிவைத்துப் பார்த்தேன். காம்புகள் மட்டும் வெளிறித் தெரிந்தன, மிளகாய்களின் உருவம் துணியோடு கலந்துவிட்டது.

ஆழ்கடல் இறால்கள் பல செக்கச்செவேல் என்று இருப்பதற்கு இதுதான் காரணம். கொல்லம், தூத்துக்குடிப் பக்கம் ஆழ்கடல் இழுவலையில் வரும் அரிஸ்டியஸ் அல்காக்கி என்ற செவ்விறாலைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிவப்பு தெரியும். இன்வெஸ்டிகேட்டர் என்ற அளவைக் கப்பலில் மருத்துவராக இருந்துகொண்டே இந்தியக் கடல்களின் ஆழத்து உயிர்களை ஆராய்ந்த ஆல்பிரட் ஆல்காக்கின் பெயரைத் தாங்கிய இறால் அது. ஐஸ் பெட்டியில் கண்ணைப் பறிக்கும் அதே நிறம், பிறந்த இடத்தில் அதை மறைக்கும் போர்வை.

மீன்கள் பல வேறு வழியில் போயிருக்கின்றன. உடலையே கரிக்கட்டையாக்கிக்கொண்டன. 2020-ல் கரன் ஆஸ்பார்ன், அலெக்சாண்டர் டேவிஸ், சோன்கே யான்சன் ஆகியோர் உள்ளிட்ட குழு, தன்மேல் விழும் ஒளியில் அரை சதவீதத்துக்கும் குறைவாகவே திருப்பியனுப்பும் 16 வகை மீன்களை அடையாளம் கண்டது. ஆய்வு தொடங்கியதே ஒரு புகைப்படச் சிக்கலில்தான். எவ்வளவு வெளிச்சம் போட்டாலும் அந்த மீன்களின் உடல் விவரங்கள் படத்தில் பதியவே இல்லை, நிழலுருவம் மட்டும்தான் விழுந்தது. தோலுக்கடியில் மெலனின் என்ற கறுப்பு நிறமியின் மணிகள் இடைவெளியே இல்லாமல் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு மணியில் தப்பிய ஒளி பக்கத்து மணிமேல் சிதறி அங்கேயே அடங்கிப்போகிறது. ஒளி வெளியே வர வழியே இல்லை. பல ஆழ்கடல் மீன்களின் குடலுக்குள்கூடக் கறுப்பு உறை இருக்கிறது. விழுங்கிய இரை உள்ளே மின்னினாலும் வெளியே தெரியாது.

சூரியனே எட்டாத இடத்தில் இவ்வளவு கறுப்பு எதற்கு? அங்கே வேட்டையாடுகிறவர்கள் கையில் விளக்கு இருக்கிறது. நீல விளக்கு. அதன் வெளிச்சம் உடலில் பட்டுத் திரும்பினால் ஆபத்து.

சிவப்புப் போர்வை, கறுப்புப் போர்வை இரண்டுமே நீல விளக்குக்கு எதிரான தற்காப்புகள். அந்தக் கடலில் சிவப்பு விளக்கு ஏந்தி யாரும் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையின்மேல் கட்டிய போர்வை, செவ்விறாலுடையது.

விளக்கு

மாலகோஸ்டியஸை முதன்முதலில் 1848-ல் வில்லியம் ஏர்ஸ் விவரித்தார். பெயருக்கு மென்மையான எலும்பு என்று பொருள், நைஜர் என்றால் கறுப்பு. ஆங்கிலத்தில் இதன் வழக்குப் பெயரில் போக்குவரத்து சிக்னல் வருகிறது. கண்ணுக்குப் பின்னால் நீலப்பச்சை ஒளி விடும் ஓர் உறுப்பும், கண்ணுக்குக் கீழே கண்ணீர்த்துளி வடிவில் சிவப்பு ஒளி விடும் இன்னோர் உறுப்பும் இருப்பதால் அந்தப் பெயர்.

சிவப்பு விளக்கு என்று பார்வைக்குச் சொல்லிவிடலாம். எவ்வளவு சிவப்பு என்று அளந்தவர்கள் எடித் விடர், மைக்கேல் லாட்ஸ், பீட்டர் ஹெர்ரிங், ஜேம்ஸ் கேஸ் ஆகிய நால்வர். 1984-ல் சயன்ஸ் இதழில் வந்த அவர்களுடைய அளவீட்டின்படி ஒளியின் உச்சம் 700 நானோமீட்டரைத் தாண்டி, 705-ஐ ஒட்டி இருக்கிறது. மனிதக் கண்ணுக்கே அது மிக மங்கலாகத்தான் தெரியும். நீலத்துக்கு மட்டும் பழகிய ஆழ்கடல் கண்களுக்கு அந்த விளக்கு எரிவதே தெரியாது.

விளக்கின் அமைப்பும் கவனிக்க வேண்டியது. உள்ளே உண்டாகும் ஒளியை, சிவப்பில் ஒளிரும் ஒரு புரதம் வாங்கிச் சிவப்பாக்குகிறது. அதோடு நிற்கவில்லை. உறுப்பின் முகப்பில் பழுப்பு நிறத்தில் ஒரு வடிகட்டி. உள்ளிருந்து வரும் ஒளியில் அலைநீளம் குறைந்த பகுதியை அது தடுத்துவிட்டு, ஆழ்சிவப்பை மட்டும் வெளியே விடுகிறது. சிரமப்பட்டு உண்டாக்கிய ஒளியில் ஒரு பகுதியைத் தானே வீணாக்குவது கணக்குப்படி இழப்புதான். ஆனால் வடிகட்டியில் நிற்கும் அந்தப் பகுதிதான் அடுத்தவர் கண்ணுக்குத் தெரியக்கூடியது. வெளிச்சத்தின் அளவைவிட ரகசியம் முக்கியம் என்று இந்த உறுப்பு அமைந்திருப்பதாகவே நான் படிக்கிறேன்.

ரகசியத்துக்கு விலை உண்டு. 705 நானோமீட்டர் ஒளி தண்ணீரில் ஒரு மீட்டர் போவதற்குள் ஏறத்தாழப் பாதி கரைந்துவிடும். இரையைத் தொட்டுத் திரும்பியும் வர வேண்டுமே! ஒரு மீட்டரில் இருக்கும் இரைக்குக் கால்பங்கு மிஞ்சும். இரண்டு மீட்டரில் என்றால் பதினாறில் ஒரு பங்கு. ஒளி விரிந்து பரவுவதால் வரும் இழப்பு இதில் சேரவில்லை. அதே தூரத்தில் நீல ஒளிக்கு ஏற்படும் இழப்பு தெளிந்த நீரில் சில சதவீதம்தான். ஆகவே இது எட்டத்தில் தேடும் டார்ச் விளக்கு ஆகாது, கைக்கெட்டும் தூரத்தில் துழாவும் அகல்விளக்குதான்.

கண்

விளக்கு இருந்தால் போதுமா? அந்த ஒளியைத் தன் கண் பார்க்க வேண்டுமே. என்னைப் பொறுத்தவரை இந்த மீனின் உண்மையான அதிசயம் இங்கேதான் தொடங்குகிறது.

சிவப்பு விளக்கு வைத்திருக்கும் உறவு மீன்கள் இன்னும் இரண்டு பேரினங்களில் உண்டு: அரிஸ்டோஸ்டோமியஸ், பாக்கிஸ்டோமியஸ். (அரிஸ்டோஸ்டோமியஸுக்குக் கண்ணாடிபோலத் தெளிந்த பற்கள். ஒளி பட்டுப் பளிச்சிடாமல் இருக்க அது ஒரு வழி.) அவை நேர்வழியில் போயின. மற்ற மீன்களிடம் இல்லாத, சிவப்பின் பக்கம் நகர்ந்த பார்வை நிறமியைத் தம் விழித்திரையிலேயே உண்டாக்கிக்கொண்டன.

மாலகோஸ்டியஸிடம் அந்த நிறமி இல்லை. அதன் நிறமிகள் 515, 540 நானோமீட்டரை ஒட்டியவை. மற்ற ஆழ்கடல் மீன்களைவிடக் கொஞ்சம் சிவப்பின் பக்கம் நகர்ந்திருந்தாலும் பச்சையைத் தாண்டவில்லை. கண்வில்லை மஞ்சளாக இருப்பதால் நீலத்தைக் கொஞ்சம் வடிகட்டும். அவ்வளவுதான் உதவி. 705-ல் எரியும் தன் விளக்கை இந்தக் கண் பார்க்கவே முடியாது என்று தோன்றும்.

லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தின் ரான் டக்ளஸும் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஜூலியன் பார்ட்ரிஜும் அவர்கள் குழுவினரும் இதை ஆராய்ந்தார்கள். ஆழ்கடல் மீனின் விழித்திரையைப் பிரித்தெடுக்கும்போது மங்கலான சிவப்பு விளக்கில் வேலை செய்வதுதான் வழக்கம். சிவப்பு படுவதால் அதன் நிறமி வெளுத்துப்போகாது என்பது நம்பிக்கை. பழைய போட்டோ ஸ்டூடியோ இருட்டறையில் சிவப்பு பல்பு எரியுமே, அதே தர்க்கம். இந்த ஒரு மீனிடம் அந்தத் தர்க்கம் செல்லவில்லை. பச்சையை உறிஞ்சும் நிறமி, அதற்குச் சம்பந்தமே இல்லாத சிவப்பு ஒளி பட்டாலும் வெளுத்தது. வேறு ஏதோ ஒன்று சிவப்பை வாங்கி அந்த நிறமியிடம் ஒப்படைக்கிறது என்று பொருள்.

அந்த வேறு ஏதோ ஒன்று எது என்பதை 1998-ல் நேச்சர் இதழில் அவர்கள் வெளியிட்டார்கள். பச்சையம்! சரியாகச் சொன்னால், பாக்டீரியப் பச்சையத்தின் சி, டி வகைகளிலிருந்து வந்த ஒரு வேதிப்பொருள். அது 670 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பை உறிஞ்சுகிறது. இலைகளில் ஒளியை வாங்கிச் சர்க்கரை செய்யும் வேலைக்கு உதவுகிற பொருளின் உறவு, இங்கே ஒரு மீனின் விழித்திரையில் உட்கார்ந்து பார்வைக்கு உதவுகிறது. சிவப்பு ஒளியைத் தானே வாங்கிக்கொண்டு, அந்த ஆற்றலைப் பக்கத்திலிருக்கும் பார்வை நிறமிக்குக் கைமாற்றிவிடுகிறது. நிறமி நேரடியாகப் பச்சை ஒளி பட்டதுபோலவே தூண்டப்படுகிறது. இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் நின்று, சிவப்பில் சொன்னதைப் பச்சையில் சொல்வதுபோல வைத்துக்கொள்ளலாம்.

இது இந்த மீனோடு முடிந்துபோகிற விந்தையும் அல்ல. சாலமாண்டர் என்ற நீர்நில உயிரியின் விழித்திரைச் செல்களில் குளோரின் இ6 என்ற பச்சையவழிப் பொருளைச் சேர்த்தபோது, அந்தச் செல்களின் சிவப்பு உணர்திறன் கூடியதாக 2006-ல் இன்னொரு குழு அதே நேச்சர் இதழில் எழுதியது. முதுகெலும்பிகளின் சாதாரணப் பார்வைச் செல்லே இப்படி ஒரு துணையை ஏற்றுக்கொள்ளும் என்று தெரிந்தது.

தீனி

இப்போது வயிற்றுக்குத் திரும்புவோம்.

மீன் பச்சையத்தைச் செய்யாது. எந்த விலங்கும் தன் உடலில் அதைப் புதிதாகச் செய்வதாகத் தெரியவில்லை. பாக்டீரியப் பச்சையம் சி, டி இரண்டையும் செய்பவை பச்சைக் கந்தக பாக்டீரியா போன்றவை. அவையும் ஒளியை நம்பி வாழ்பவை. ஆகவே மாலகோஸ்டியஸ் இந்தப் பொருளைத் தின்றுதான் பெற வேண்டும். அதற்குத் தோதான தீனி எது? மேலிருந்து விழும் துகள்களையும் பாசிகளையும் பொறுக்கித் தின்று, பச்சையத்தை வயிற்றில் சுமக்கும் துடுப்புக்காலிதான்.

இப்போது அந்த எறும்புத் தீனிக்கு அர்த்தம் கிடைக்கிறது. சட்டன் முன்வைத்த விளக்கமும் இதுதான்: இந்த மீனின் விநோதமான தீனிப் பழக்கம் அதன் விநோதமான பார்வைக்குத் தேவையானது. நான் இதை ஏற்கிறேன், ஒரு காரணத்தோடு. இதன் உறவு மீன்களில் பல இரவில் இரை தேடி மேலே ஏறுபவை. மாலகோஸ்டியஸ் அப்படி ஏறுவதில்லை. 500 மீட்டருக்குக் கீழேயே தங்கிவிடுகிறது. ஒன்றிரண்டு மீட்டருக்குமேல் எட்டாத விளக்கோடு பெரிய மீனைத் தேடி அலைந்தால் பட்டினிதான் மிஞ்சும். பெரிய இரை அங்கே அடிக்கடி எதிர்ப்படாது. துடுப்புக்காலிகளோ அந்த அளவு தூரத்துக்குள்ளேயே கிடைக்கும். ஆழத்துத் துடுப்புக்காலிகளில் பல சிவப்பும் ஆரஞ்சுமானவை, நீல விளக்குக்கு மறைந்திருப்பவை. சிவப்பு விளக்கின் கீழே அவை பளிச்சென்று துலங்கும். அந்தப் பெரிய வாய் எப்போதாவது வரும் பெரிய இரைக்கு. அதுவரை வயிற்றுக்கும் கண்ணுக்கும் சேர்த்து இந்தச் சின்ன உயிர்கள்.

அப்படியானால் இந்த மீனின் சுழற்சியைப் பாருங்கள். பார்த்தால்தான் துடுப்புக்காலியைப் பிடிக்க முடியும், துடுப்புக்காலியைத் தின்றால்தான் பார்க்க முடியும். சூரியனைக் கண்ணால் காணாத ஆழத்தில் வாழ்கிற ஒரு மீனின் பார்வை, மேலே சூரிய ஒளியில் உண்டான ஒரு பொருளின்மேல் நிற்கிறது. சூரியன் அங்கே சிவப்பு வெளிச்சமாக வரவில்லை, தீனியாக வருகிறது. இதைப் படித்த நாளிலிருந்து, ஆழ்கடலை மேற்கடலிலிருந்து பிரித்துத் தனி உலகம் என்று எழுதுவதை நான் விட்டுவிட்டேன்.

இந்தப் பேரினத்தில் இன்னோர் இனமும் இருக்கிறது. கிறிஸ்டோபர் கெனாலி 2007-ல் பேரினத்தை மறுஆய்வு செய்தபோது, தென்கோளத்திலும் இந்தியப் பெருங்கடலிலும் கிடைத்தவற்றை மாலகோஸ்டியஸ் ஆஸ்திராலிஸ் என்று பிரித்தார். சிவப்பு விளக்கு நம் பக்கத்துக் கடலிலும் எரிகிறது.

அதே விளக்கு மனிதர் கையில்

1984-ல் அந்தச் சிவப்பொளியை அளந்தவர்களில் ஒருவரான எடித் விடர் அதை மறக்கவில்லை. ஆழ்கடலுக்குப் போகும் ஆய்வுக்கலங்கள் பளீர் வெள்ளை விளக்குகளோடு, இயந்திர இரைச்சலோடு இறங்குகின்றன. அந்த வெளிச்சத்தைக் கண்டு ஓடாமல் நிற்பவற்றை மட்டுமே நாம் பார்க்கிறோம், ஓடிவிட்டவற்றைப் பார்க்கவே இல்லை என்பது அவருடைய கவலை. எனவே மாலகோஸ்டியஸின் உத்தியையே எடுத்துக்கொண்டார்: ஆழ்சிவப்பு விளக்கும், மங்கலான ஒளியிலும் படம்பிடிக்கும் கேமராவும், இரைச்சலே இல்லாமல் கடலடியில் விட்டுவரக்கூடிய ஒரு கருவி. முன்னால் ஒரு பொய் இரையும் வைத்தார். அடோல்லா என்ற ஜெல்லிமீன் தாக்கப்படும்போது உடலைச் சுற்றி நீல ஒளிச்சக்கரம் சுழலவிடும். தன்னைக் கடிப்பவனைப் பெரிய எதிரிக்குக் காட்டிக்கொடுக்கும் கூக்குரல் அது. அந்த ஒளியைப் போலவே சுழலும் நீல எல்.இ.டி. வட்டம்தான் அவருடைய தூண்டில்.

2004-ல் மெக்சிகோ வளைகுடாவில் அந்த வட்டத்தை முதன்முதலாக எரியவிட்ட 86 விநாடிகளில், அதுவரை அறிவியல் அறியாத ஒரு கணவாய், ஆறடி நீளம் இருக்கும், கேமரா முன்னால் வந்தது. 2012-ல் ஜப்பானின் ஒகசவாரா தீவுகளுக்கு அப்பால் இதே முறையில் செய்த இன்னொரு கருவியைக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். ராட்சதக் கணவாய் வந்தது. நூறாண்டுகளுக்கு மேலாகக் கரையொதுங்கிய உடல்களாகவும் திமிங்கில வயிற்றில் கிடைத்த அலகுகளாகவும் மட்டுமே பெரும்பாலும் அறியப்பட்ட உயிர், தன் வாழிடத்தில் உயிரோடு காணொளியில் பதிவானது.

சுழலும் நீல வட்டம் ஈர்த்து வந்த அது, வட்டத்தை விட்டுவிட்டு அதன் பக்கத்திலிருந்த பெரிய கருவிமேல்தான் கைகளை விரித்துப் பாய்ந்தது. பக்கத்திலேயே எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்குகள் அதன் கண்ணில் படவே இல்லை. ஒரு சாண் நீளக் கறுப்பு மீன் ஒன்று அந்த நேரம் அந்தப் பக்கம் வந்திருந்தால், அது அந்த விளக்குகளை நேராகப் பார்த்திருக்கும்.